சலூன் பெஞ்சுக்கு ஏற்ற புதிர் வேண்டி

மதிப்பிற்குரிய குறுக்கெழுத்துப் புதிர் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகனும், இரண்டு நாற்காலிச் சலூன் ஒன்றின் உரிமையாளனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் கத்தரி நலம், இரண்டு நாற்காலிகளில் ஒன்று நலம். தங்கள் நலத்தையும், முக்கியமாகத் தங்கள் தலையின் நலத்தையும் விசாரிக்கிறேன். தலை என்று சொன்னது புதிர் தயாரிக்கும் உட்பக்கத்தை. வெளிப்பக்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் இந்தப் பக்கம் வரும்போது கடைக்கு வாருங்கள், நல்லபடியாகக் கவனித்து அனுப்புகிறேன்.

இது நான் தங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடவில்லை. ஆனால் நான் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டீர்கள். பதிலை மட்டும் போட்டுவிட்டுக் காரியத்தைக் கிடப்பில் போடுகிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்த தங்கள் பெருந்தன்மை மிகவும் பிடித்துவிட்டது. அதற்கு முதலில் நன்றி. நன்றி சொன்ன வாயாலேயே குறையும் சொல்கிறானே என்று கோபிக்கக் கூடாது. விஷயம் கொஞ்சம் கை மீறிப் போய்விட்டது. சோப்பு போட்டு உட்கார வைத்த ஆளைப்போல அசையாமல் கேட்கவும்.

என் கடை என் வீட்டின் முன்னறை. கதவைத் திறந்தால் கடை, கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள், ஒன்று சுழலும், மற்றது நாம் சுழற்றும்போது சுழலாது, ஆள் எழுந்துபோன பிறகு தானாக மெல்லத் திரும்பி வாசலைப் பார்க்கும். ஒரு நீளக் கண்ணாடி, கண்ணாடிக்கு எதிரே ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு. ஐயா, வெளியாட்களுக்குச் சலூன் என்றால் நாற்காலிதான் கண்ணில் படும். தொழில் தெரிந்தவனைக் கேட்டால் சலூன் என்பது பெஞ்சுதான் என்பான். நாற்காலியில் உட்கார்ந்தவன் எங்கும் போக மாட்டான், பாதித் தலையோடு எங்கே போவான்? பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் ‘அப்புறம் வரேண்ணே’ என்று நழுவுவான். நழுவினவன் வேறு கடையில் தலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் நம்மைத் தெருவில் பார்த்தால் தொப்பி போட்டுக்கொண்டு போவான். பெஞ்சு நிறைந்திருந்தால்தான் புதிதாக வருகிறவனும் ‘இங்க நல்லா வெட்டுவாங்க போல’ என்று நம்பி உள்ளே காலை வைப்பான். காலிப் பெஞ்சைப் பார்த்தால் எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்துவிடும்.

அந்தப் பெஞ்சைப் பல வருடங்களாக நிறைத்து வைத்திருந்தது தங்கள் புதிர். எங்கள் கடையில் அதற்கு ஒரு முறை உண்டு. காலையில் பத்திரிகை வந்ததும் என் மனைவி அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய், புதிர் உள்ள பக்கத்தை மட்டும் உருவி, கிளிப் வைத்த அட்டையில் மாட்டிக் கொண்டுவந்து பெஞ்சில் வைப்பாள். மற்ற பக்கங்களைக் கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைப்பதற்காகச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்திவிடுவாள். தங்கள் தலையங்கத்தை இப்படிச் செய்கிறோமே என்று வருத்தப்பட வேண்டாம், நல்ல தாள், நுரையை நன்றாக உறிஞ்சுகிறது. பென்சிலை நூலில் கட்டிப் பெஞ்சுக் காலில் முடிந்து வைத்திருக்கிறோம். ஒரு ஆள் ஒரு விடைதான் எழுதலாம், எழுதியதும் அட்டையை அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். நாற்காலியில் இருப்பவரின் கை போர்த்திய துணிக்குள் இருப்பதால் அவர் வாயால் சொல்லலாம், பெஞ்சில் இருப்பவர் எழுதுவார். வீட்டில் பார்த்துவிட்டு வரக் கூடாது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லி மாட்டிக்கொண்டார். ‘தற்செயலா தோணுச்சுங்க’ என்று சத்தியம் செய்து பார்த்தார். அடுத்த ஷேவிங்வரை அவருக்குப் பென்சில் கிடையாது என்று பெஞ்சு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எனக்குப் புதிர் போடத் தெரியாது, அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமும் இல்லை. குறிப்பைக் கவனித்தால் ஒருவர் காதை வெட்டிவிடுவேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டில், ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு தாங்கள் என்ன நினைத்தீர்களோ, புதிரைத் திடீரென்று எளிதாக்கிவிட்டீர்கள். ‘வானிலிருந்து விழும் நீர், இரண்டெழுத்து’ என்று ஒரு நாள். ‘தாயின் உடன்பிறந்தவன், இரண்டெழுத்து’ என்று மறுநாள். டியூஷன் வாத்தியார் அட்டையைப் பெஞ்சில் போட்டுவிட்டு, “இதை என்கிட்ட ஏன்யா கேக்குறாங்க? என் வீட்டுக்கு ஒண்ணாம் வகுப்புப் படிக்க வர்ற பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்லிடும்” என்று எழுந்தே போய்விட்டார். தபால்காரர் முதல் ஆளாக வந்தார் என்றால், அவர் கன்னத்தில் போட்ட நுரை காய்வதற்குள் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. வேலை இல்லாத மனிதன் என்ன செய்வான்? தெருவைப் பார்ப்பான். தெருவைப் பார்த்தால் என்ன தெரியும்? எதிரே என் மச்சான் கடை தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் சொந்தத் தம்பி. உலகத்தில் எத்தனையோ தெரு இருக்க, அக்காவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பாசத்தால் எனக்கு எதிரிலேயே சலூன் வைத்தவன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க டிவி, சாய்த்தால் படுக்கையாகிவிடும் மூன்று நாற்காலிகள். கெட்ட பையன் இல்லை, தங்கமான பையன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பெஞ்சு காலியாவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கையில் டீயோடு வந்து நின்றான். “எதுக்கு மாமா இந்த வயசுல ஒண்டியா கெடந்து அல்லாடுறீங்க? பேசாம நம்ம கடைக்கு வந்துடுங்க. மூணாவது நாற்காலி உங்களுக்குத்தான்.” நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் ‘மூணாவது’ என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதே, படிகாரம் தடவாத வெட்டுக் காயம்போல இன்னும் எரிகிறது. திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி, “கூப்பிடுறான்ல, யோசிச்சுத்தான் பாருங்களேன்” என்றாள். பார்த்தீர்களா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ஆறு மாசம் டைம் குடு. அதுக்கப்புறமும் பெஞ்சு இப்படியே கெடந்தா நானே கடைப் பலகையை எறக்கிட்டு வந்து உன் மூணாவது நாற்காலிகிட்ட நிக்கிறேன்” என்று வாயை விட்டுவிட்டேன். அந்தக் கெடு வருகிற ஒன்றாம் தேதியோடு முடிகிறது.

வாயை விட்ட அன்றே உட்கார்ந்து தங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். புதிரைக் கடினமாக்குங்கள், ஒரு பிழைப்பே இதில் தொங்குகிறது என்று உருக்கமாக எழுதி, கடையை விட்டு நகர முடியாததால் தபாலில் சேர்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். சில நாட்கள்கூட ஆகவில்லை, அட்டையில் வந்து நின்றது பாருங்கள் ஒரு புதிர்! தபால்காரர் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், காதில் சொருகிக்கொண்டார். “என்னய்யா இது, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு” என்றார். வாத்தியாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் படித்துவிட்டு, “இது புதிர்” என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா.

தாங்கள் செய்தது அது மட்டுமா? கட்டங்களைச் சின்னதாக்கி, எழுத்தைப் பொடியாக்கி, பக்கத்தின் மேலே இருந்த புதிரைக் கீழே இறக்கி, ஓரத்தில் கொடிபோல ஒரு படமும் போட்டு ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டீர்கள். மாற்றிய முதல் நாள் மட்டும், முந்தைய நாள் விடைகள் என்று தாங்கள் போட்டிருந்ததில் ஒன்றுகூட எங்கள் பழைய கட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. வாத்தியார் கொதித்தார். நான்தான், “விடுங்க சார், புது மெஷின் வாங்கியிருப்பாங்க, கை பழகணும்ல” என்று தங்களுக்காகப் பரிந்து பேசினேன். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெஞ்சு நிரம்பியது. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் எட்டுப் பேர் ஒருக்களித்து உட்கார்ந்தார்கள். வெட்டிக்கொண்டு போனவர்களே திரும்பி வந்து, “அண்ணே, அந்தக் கிருதா கொஞ்சம் ஏத்தம் எறக்கமா இருக்கற மாதிரி இல்ல?” என்று ஒரு சாக்கு சொல்லிப் பெஞ்சில் இடம் பிடித்தார்கள். இல்லாத குறையைக் கண்டுபிடித்த அவர்களுக்காக இருக்கும் முடியையும் குறைத்தேன். ஆனால் ஐயா, பெஞ்சு நிரம்பினால் போதும் என்று கேட்டேனே தவிர, நாற்காலி காலியாக வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டேன். உட்கார்ந்தவர் எழவில்லை! ஷேவிங் முடிந்து துணியை உதறினால், “இருங்க இருங்க, மேலிருந்து கீழ் நாலாவது, வாய் வரைக்கும் வந்துடுச்சு” என்பார். பெஞ்சிலிருந்து அடுத்தவரைக் கூப்பிட்டால், “நீங்க பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்பார். எட்டுப் பேர் இருந்தும் வெட்டுவதற்குத் தலை இல்லாமல் நான் சீப்பைக் கழுவிக்கொண்டு நின்ற நாள் உண்டு.

இதில் மாப்பிள்ளைப் பையன் கதையைச் சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். அன்று அவனுக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். காலையில் கடை திறந்ததும் வந்து, “அண்ணே, சீக்கிரம் ஒரு ஷேவிங், பளபளன்னு இருக்கணும்” என்று உட்கார்ந்தான். ஒரு கன்னம் முடித்திருப்பேன். பெஞ்சிலிருந்து வாத்தியார் சத்தமாகப் படித்தார், ‘முதலில் கட்டுவோம், பிறகு கடப்போம், மூன்றெழுத்து.’ பையன் தலையைத் திருப்பினான். “அசையாதப்பா” என்றேன். அவன் கேட்டால்தானே? “இருங்கண்ணே, தெரியும், நாக்கு நுனியில நிக்குது” என்று கண்ணை மூடிக்கொண்டான். கத்தியை வைக்கப் போனால் உதடு முணுமுணுக்கிறது, உதடு அசைந்தால் நான் எப்படிக் கத்தி வைப்பது? நாக்கு நுனியில் நின்றது அங்கேயே நின்றது. அவனைத் தேடிக்கொண்டு அவன் சித்தப்பா வந்தார். “என்னடா பண்ற, நேரமாச்சு” என்று அதட்டியவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மூணெழுத்தா?” என்று பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். அவரைத் தேடிக்கொண்டு பெண்ணின் அப்பா வந்தார். அவர் கண்டிப்பான மனிதர், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “கல்யாணத்தை வெச்சுக்கிட்டுக் கட்டம் போட்டுக்கிட்டா இருக்கீங்க?” என்று சத்தம் போட்டுவிட்டு, அட்டையைப் பிடுங்கித் தூர எறியப் போனவர், எறிவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துத் தொலைத்தார். அவ்வளவுதான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். அலுவலகத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். கடைசியில் கல்யாணப் பெண்ணே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பட்டுப்புடவையோடு வாசலில் நின்று ஒரு கன்னத்தில் நுரையோடு இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்த தன் அப்பாவைப் பார்த்தாள், அப்பா கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். “பாலம்” என்றாள். அப்புறம், “எந்திரிங்க” என்றாள். அத்தனை பேரும் எழுந்தார்கள் ஐயா, ஷேவிங்குக்கு வந்தவர்கள் உட்பட. நான் ஓடிப்போய் ஆட்டோவில் உட்கார வைத்தே அடுத்த கன்னத்தை முடித்துக் கொடுத்தேன். நல்ல ஜோடி, நன்றாக இருப்பார்கள். ஆனால் நம் கடையால் ஒரு கல்யாணம் நின்றிருந்தால் அந்தப் பாவம் எனக்கா தங்களுக்கா?

அன்றிலிருந்து, முகத்தில் கத்தி இருக்கும்போது குறிப்பைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்டு அதைச் சமாளித்துவிட்டேன். அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. எழுத வைத்தவன் என் மச்சான்.

என் பெஞ்சு நிறைந்ததைப் பார்த்து அவனும் டிவியை அணைத்துவிட்டு ஒரு அட்டை, ஒரு கிளிப், நூலில் கட்டிய ஒரு பென்சில் என்று ஆரம்பித்துவிட்டான். பேப்பர்காரரிடம், ‘மாமா கடையில பல வருஷமா போடுற பேப்பர் எதுவோ அதையே எனக்கும் போடுங்க’ என்று சொன்னானாம். சரி, ஊருக்குப் பொதுவான பத்திரிகை, நாம் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஐயா, நடந்தது என்ன தெரியுமா? முதல் நாளே, எங்கள் ஆட்கள் இரண்டாவது குறிப்பில் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, எதிர்க்கடையிலிருந்து கைதட்டல் கேட்டது. மச்சான் கதவைத் திறந்து தலையை நீட்டி, “மாமா! எங்க ஆளுங்க முடிச்சுட்டாங்க! நீங்க?” என்றான். நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் தரையைப் பார்த்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அங்கே இருப்பவர்கள் யார்? வண்டியில் மூட்டை ஏற்றும் இரண்டு பையன்கள், ஒரு காய்கறிக்காரர், தூங்கிக்கொண்டே முடி வெட்டிக்கொள்ளும் ஒரு வாட்ச்மேன். அவர்கள் ஒரு க்ராப் முடிவதற்குள் ஊதித் தள்ளுகிற புதிரை, பட்டம் வாங்கிய எங்கள் ஆட்கள் மத்தியானம்வரை மென்றுகொண்டிருக்கிறார்கள்.

போய் விடையைக் கேட்டு வந்துவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். “உயிர் போனாலும் போகட்டும். அவங்க கட்டத்தை எட்டிப் பார்க்கிறவன் இந்தப் பெஞ்சுல உட்காரக் கூடாது” என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஆகவே இன்றுவரை ஒருவரும் தெருவைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களும் ஜெயித்த மிதப்பில் இந்தப் பக்கம் வரவில்லை.

ஆனால் மானம் போய்விட்டது ஐயா. மருந்துக்கடைக்காரர் ஒரே மாத்திரையை இரண்டு தடவை எண்ணுகிறார், ‘நமக்கு வயசாயிடுச்சோ’ என்று என்னையே கேட்கிறார். தபால்காரர் எங்கள் தெருவை வேறு ஆளுக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாராம். வாத்தியார் கடைப் பக்கமே வருவதில்லை. தாடியோடு திரிகிறார். டியூஷனில் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால், “எனக்கு என்ன தெரியும், எதிர்க்கடையில போய்க் கேளு” என்கிறாராம். பெஞ்சில் மறுபடி இடைவெளி விழ ஆரம்பித்துவிட்டது. நேற்று மூன்று பேர், இன்று இரண்டு பேர். அந்தச் சுழலாத நாற்காலி தானாகத் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மச்சான் இன்று காலை வந்தான். டீ கொண்டுவரவில்லை, அளவெடுக்கும் இஞ்ச் டேப் கொண்டுவந்திருந்தான். “சும்மாதான் மாமா, உங்க பலகை எவ்ளோ அகலம்னு பார்க்கலாம்னு. நம்ம கடைக்குள்ள மாட்ட எடம் இருக்கு” என்றான். என் பெயர் போட்ட பலகையை அவன் கடைக்குள் மாட்டி எனக்கு மரியாதை செய்கிறானாம். சொன்னேனே, தங்கமான பையன்.

ஆகவே ஐயா, தங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். புதிரைப் பழையபடி எளிதாக்கவும் வேண்டாம், இப்படி மலையேற வைக்கவும் வேண்டாம். நடுத்தரமாக, காலையில் ஆரம்பித்தால் டீ வேளைக்கு முடியும்படி, வாத்தியாருக்குத் தெரிந்து வாட்ச்மேனுக்குத் தெரியாத சொற்களாகப் பார்த்து, ஒன்றாம் தேதிக்குள் ஒரே ஒரு நாள் எங்கள் ஆட்கள் முதலில் முடித்துக் கைதட்டும்படி செய்து கொடுங்கள். ஒரே ஒரு நாள் போதும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் வாத்தியார் தாடியை எடுத்துவிடுவார், வாத்தியார் வந்தால் பெஞ்சு வந்துவிடும், பெஞ்சு வந்தால் பலகை இருக்கும். எனக்கு இந்த வயதிலும் எதிர்க்கடைக்கு நடந்துபோக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் என்னால் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது ஐயா. சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மனைவியிடம் கொடுக்காமல் நானே தபாலில் போடுவதாக இருக்கிறேன். போன தடவை ஏதோ புண்ணியத்தில் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை தம்பி பக்கம் சாய்ந்திருக்கிறவளை நம்ப எனக்குத் துணிவில்லை.

தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். எல்லோருக்கும் முடி உதிராமல் இருக்கட்டும், உதிராமல் இருந்தாலும் அவ்வப்போது வளரட்டும். 

என்றும் தங்கள் புதிரை நம்பியிருக்கும்,
பழைய சலூன்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போதுதான் தங்கள் முகவரி என்னிடம் இல்லை என்று தெரிந்தது, போன தடவை அதையும் மனைவியிடமே விட்டிருந்தேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அடியில் இருக்குமே என்று நினைத்து, ஆணியில் குத்தியிருந்த சதுரங்களை ஒவ்வொன்றாக உருவிச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முகவரி கிடைத்தது. ஆனால் அதற்கு மேல் இருந்த பெயர் தங்கள் பத்திரிகையின் பெயர் இல்லை. வேறு பத்திரிகை. நேற்றைய சதுரமும் வேறு, முந்தாநாள் சதுரமும் வேறு. திரையை விலக்கிக் கேட்டேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, “ஆமா, நான்தான் மாத்தினேன்” என்றாள். எப்போது என்றேன். “நீங்க கடுதாசி குடுத்தீங்களே, அன்னைக்கு. அதைப் படிச்சேன். நீங்க எழுதினதுக்காக ஒரு பத்திரிகைக்காரர் புதிரை மாத்துவாரா, சொல்லுங்க? பேப்பர்காரரை நிறுத்தி, ஆளுங்க தலையைப் பிச்சுக்கிற மாதிரி புதிர் எந்தப் பேப்பர்ல வருதுன்னு கேட்டேன், அதைப் போடச் சொல்லிட்டேன். கடுதாசி அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கு” என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். “‘பார்த்தியா, நான் எழுதினேன், ஆசிரியர் மாத்திட்டார்’னு அன்னைக்குக் கடைக்கும் வீட்டுக்குமா குதிச்சீங்களே, அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?” என்றாள். அப்படியானால் எதிர்க்கடையில் வருவது எந்தப் பத்திரிகை என்றேன். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். “பேப்பர்காரர், ‘உங்க தம்பி நீங்க பல வருஷமா வாங்கின பேப்பரைக் கேக்குறார், எதைப் போடட்டும்’னு என்னைக் கேட்டார். பல வருஷமா வாங்கின பேப்பர் பழசுதானே? நான் பொய்யா சொன்னேன்?” என்றாள். சொந்தத் தம்பி ஆயிற்றே என்றேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “தம்பிதான். யோசிச்சுப் பாருங்கன்னேன், போங்கன்னா சொன்னேன்? நீங்க அவன் கடையில மூணாவது நாற்காலிகிட்ட நிக்கிறதை நான் தினம் இந்தத் திரையை விலக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? என்னால முடியாது” என்றாள். அவள் மடித்த துணிகளை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அதன்பின் செருப்பை மாட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ‘வானிலிருந்து விழும் நீர், இரண்டெழுத்து’ இப்போது எதிர்க்கடையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார். நாளைக் காலை முதல் ஷேவிங் அவருக்கு. மற்றவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வாராம், மச்சானிடம் மட்டும் யாரும் சொல்வதாக இல்லை.

ஆகவே ஐயா, தாங்கள் எதையும் கடினமாக்கவும் இல்லை, நான் நன்றி சொன்னதற்கு அர்த்தமும் இல்லை, மேலே கேட்டுக்கொண்டதில் எதையும் செய்யவும் வேண்டாம். தங்கள் புதிர் எதிர்க்கடையில் மிக நன்றாக வேலை செய்கிறது. முடிந்தால் இன்னும் கொஞ்சம் எளிதாக்கவும்.